சாட்சி எந்த வரியில்? சீன மாணவர்கள் ஆங்கில இலக்கணம் பழகும் விதம்

"அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறார். அவன் இரவு வேலை முடிந்து காலையில்தான் வீட்டுக்கு வருவான். அவன் பொரிக்கும் மீன் எனக்கு மிகவும் பிடிக்கும்."

பதினாறு வயது சீன மாணவி ஒருத்தி தன் அம்மாவைப் பற்றி ஆங்கிலத்தில் பேசியதைத் தமிழில் தந்தால் இப்படித்தான் இருக்கும். 'ஷி' வர வேண்டிய இடங்களில் எல்லாம் 'ஹி' வந்துவிட்டது. விதி அவளுக்குத் தெரியும். பெண்ணுக்கு ஷி, ஆணுக்கு ஹி என்று தொடக்கப் பள்ளியிலேயே படித்தவள். தனி வாக்கியமாகத் தாளில் கேட்டால் பிழையில்லாமல் எழுதிவிடுவாள். பேச்சு ஓடும்போதுதான் நழுவுகிறது.

காரணம் அவளுடைய தாய்மொழியில் இருக்கிறது. சீன மொழியில் அவன், அவள், அது மூன்றையும் வாயால் சொல்லும்போது ஒரே ஒலிதான்: 'தா'. எழுத்தில் மட்டும் மூன்றுக்கும் தனித்தனி வடிவங்கள் உண்டு. பெண்ணைக் குறிக்கும் தனி எழுத்துகூட 1920-ஐ ஒட்டிய ஆண்டுகளில்தான் பரவலாகப் புழக்கத்துக்கு வந்தது. யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்பது கேட்பவருக்கு முன்பின் பேச்சிலிருந்து புரிந்துவிடும். அந்த 'முன்பின் பேச்சு'தான் இந்தக் கட்டுரையின் பொருள். ஆங்கிலத்தில் இதை 'கான்டெக்ஸ்ட்' என்பார்கள், தமிழில் சூழல் என்போம். சூழலோடு சேர்த்து இலக்கணம் பழகுவது என்றால் என்ன, சீன மொழி பேசும் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு அது ஏன் இவ்வளவு தேவைப்படுகிறது என்பதை, அவர்களுக்குச் சில வருடங்களாக ஆங்கிலம் சொல்லித்தருபவள் என்ற முறையில் எழுதுகிறேன்.

வினைச்சொல் மாறாத மொழி

தமிழில் 'போனாள்' என்ற ஒரே சொல்லில் நடந்தது எப்போது, போனது யார், ஒருவரா பலரா, ஆணா பெண்ணா எல்லாமே அடங்கிவிடுகிறது. அதனால் சீன மாணவர் படும் பாடு நமக்குச் சட்டென்று விளங்காது. சீன மொழியில் போவதற்கான சொல் 'ச்சூ'. நான் போனாலும் ச்சூ, அவர்கள் போனாலும் ச்சூ. நேற்று, இன்று, நாளை எதற்கும் அது வடிவம் மாறாது. காலத்தைச் சொல்ல வேண்டுமானால் 'நேற்று' என்ற சொல்லை வாக்கியத்தில் போட்டால் போதும். ஒரு முறை போட்டுவிட்டால் அடுத்த பத்து வாக்கியங்களும் நேற்று நடந்தவை என்று கேட்பவர் எடுத்துக்கொள்வார்.

'ல' என்று ஒரு சிறு ஒட்டு உண்டு. அது இறந்தகாலத்தைக் காட்டுவது என்று பல மாணவர்களே நம்புகிறார்கள். உண்மையில் அது செயல் முடிந்த நிலையைக் காட்டுகிறது. 'மிங்தியென் ஷியா ல க, வோ ச்சூ ஜாவோ நீ' என்று ஒருவர் சொன்னால், 'நாளை வகுப்பு முடிந்ததும் உன்னைப் பார்க்க வருகிறேன்' என்று பொருள். நாளை நடக்கப்போவதிலும் 'ல' வந்திருக்கிறது. நம் மொழியும் இங்கே அதையேதான் செய்கிறது. 'முடிந்ததும்' என்பது வடிவத்தில் இறந்தகாலம், சொல்வதோ நாளைய நிகழ்ச்சி. 'ல' என்பதை எனக்குப் புரியவைத்தது இந்தத் தமிழ்ச் சொல்தான். அதை இறந்தகாலம் என்று எண்ணும் மாணவர், 'ல' வந்த இடத்தில் எல்லாம் ஆங்கில வினையை இறந்தகாலத்துக்கு மாற்றுவார், 'ல' வராத இடத்தில் விட்டுவிடுவார். இரண்டுமே பிழைகளைக் கொண்டுவரும்.

ஒருமை பன்மையும் அப்படியே. 'மூன்று புத்தகம்' என்றால் போதும், புத்தகத்தின் வால் நீள வேண்டியதில்லை. நாமும் பேச்சில் 'மூன்று புத்தகம் வாங்கினேன்' என்கிறோம் அல்லவா?

ஆங்கிலத்தின் 'எ', 'தி' மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியவை. சீனத்தில் இவை இல்லை, அதனால்தான் மாணவர்கள் தடுமாறுகிறார்கள் என்று பெரும்பாலான விளக்கங்கள் முடித்துவிடும். சொல் இல்லை என்பது உண்மை. ஆனால் 'தெரிந்த ஒன்று', 'புதிய ஒன்று' என்ற வேறுபாடு சீனத்தில் நன்றாகவே இருக்கிறது, சொல்வரிசையில் ஒளிந்திருக்கிறது. 'கரென் லாய் ல' என்றால் எதிர்பார்த்திருந்த விருந்தினர் வந்துவிட்டார். 'லாய் கரென் ல' என்று வரிசையைத் திருப்பினால் யாரோ விருந்தினர் வந்திருக்கிறார். தமிழில் இதே வேலையில் ஒரு பங்கை 'ஐ' உருபு செய்கிறது. 'புத்தகம் வாங்கினேன்' என்றால் ஏதோ ஒரு புத்தகம். 'புத்தகத்தை வாங்கினேன்' என்றால் நீங்களும் நானும் முன்பே பேசிக்கொண்ட அந்தப் புத்தகம். ஆகவே சீன மாணவரிடம் 'எ, தி உங்கள் மொழியில் கிடையாது' என்று தொடங்குவது அவரிடம் இருக்கும் செல்வத்தை இல்லை என்று சொல்வதற்குச் சமம். விருந்தினர் வாக்கியங்கள் இரண்டையும் பலகையில் எழுதிவிட்டு, 'இந்த வேறுபாட்டை ஆங்கிலம் எங்கே வைத்திருக்கிறது, தேடுவோம்' என்று தொடங்கினால் முகங்கள் தெளிவதைப் பார்த்திருக்கிறேன்.

சூழலிலிருந்து பொருளை எடுப்பதில் சீன மாணவர் கைதேர்ந்தவர். பிறந்தது முதல் அதைத்தான் செய்துவருகிறார். ஆங்கிலம் அவரிடம் கூடுதலாக ஒன்றைக் கேட்கிறது: சூழல் ஏற்கெனவே சொல்லிவிட்டதைச் சொல்லின் வடிவத்திலும் மறுபடி காட்டு என்கிறது. 'நேற்று' என்று சொன்ன பிறகும் வினையில் இறந்தகாலம் வேண்டும். 'மூன்று' என்று சொன்ன பிறகும் பெயரில் 'ஸ்' வேண்டும். சீனர் காதுக்கு இது சொன்னதையே திரும்பச் சொல்வது. அதனால்தான் விதி மனப்பாடமாக இருந்தும் கை மறக்கிறது.

ஒற்றை வாக்கியத்தின் போதாமை

'ஹி ____ டு ஷாங்காய்' என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். போதல் வினையை உரிய வடிவில் எழுத வேண்டும். 'கோஸ்', 'வென்ட்', 'ஹாஸ் கான்', 'வில் கோ' நான்குமே பொருந்தும். அவர் யார், எப்போது, இப்போது எங்கே இருக்கிறார் என்று தெரியாமல் எதையும் தவறு என்று சொல்ல முடியாது. ஆனாலும் பல தலைமுறை மாணவர்கள் இப்படிப்பட்ட வாக்கியங்களில்தான் இலக்கணம் படித்தார்கள். வினாத்தாள் எழுதுபவர் 'எவ்ரி டே' என்றோ 'லாஸ்ட் வீக்' என்றோ ஓர் அடையாளச் சொல்லைச் செருகிவிடுவார். மாணவர் அந்தச் சொல்லைக் கண்டதும் விடையைத் தட்டிவிடுவார். வாக்கியத்தின் பொருளைப் படிக்கவே வேண்டியதில்லை.

சீனாவின் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வான 'காவோகாவ்' தாளிலும் நீண்ட காலம் இந்த முறைதான் இருந்தது. ஒரு வாக்கியம், அல்லது இருவர் பேசும் இரண்டு வரி, கீழே நான்கு விடைகள். குவாங்தோங் மாகாணம் 2007-இல் தன் தாளில் வேறொரு வகை வினாவைக் கொண்டுவந்தது. 2014-இல் தேசியத் தாளும் ஒற்றை வாக்கிய வினாக்களைக் கைவிட்டு அதையே ஏற்றது. மாணவர்கள் அதை 'யூஃபா தியென்கோங்' என்கிறார்கள்: இலக்கண நிரப்பல். நம் பள்ளி மொழியில் சொன்னால் 'கோடிட்ட இடங்களை நிரப்புக'. வேறுபாடு என்னவென்றால், கோடுகள் எல்லாம் ஒரே கட்டுரைக்குள் இருக்கும். ஏறத்தாழ 200 சொற்களில் ஓர் உரைநடை, அதில் பத்துக் கோடுகள். பெரும்பாலும் ஏழு இடங்களில் ஒரு சொல் தரப்பட்டிருக்கும், அதை உரிய வடிவில் எழுத வேண்டும். மற்ற மூன்றில் எதுவும் தரப்படாது, தானாகவே ஒரு சொல்லைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒன்றுக்கு 1.5 மதிப்பெண், மொத்தம் 15. ஆங்கிலத் தாளின் மொத்தம் 150 என்பதால் பத்தில் ஒரு பங்கு.

கட்டுரைகள் பெரும்பாலும் சீன வாழ்க்கையைப் பற்றியவை. தேர்வுச் சீர்திருத்தத்துக்குப் பின் வந்த புதிய முறைத் தாள் ஒன்றில் 2021-இல் ஹுவாங்ஷான் மலைப் பயணம், 2022-இல் பாண்டா தேசியப் பூங்கா, 2023-இல் சூப் நிறைந்த 'ஷியாவோலோங்பாவ்' கொழுக்கட்டை. 2024-இல் காவோகாவ் எழுதப் பதிவுசெய்தவர்கள் 1 கோடியே 34 லட்சம் பேர். இத்தனை பேர் வருடந்தோறும் எழுதும் தேர்வில் ஒரு வினா வகை மாறினால் நாடு முழுவதும் வகுப்பறையின் பழக்கமும் சேர்ந்து மாறும். 2017-இல் வந்த உயர்நிலைப் பள்ளி ஆங்கிலப் பாடத்திட்டமும் இலக்கணத்தை வடிவம், பொருள், பயன்பாடு என்ற மூன்றும் சேர்ந்ததாகவே பார்க்கிறது.

ஒரு நூடுல்ஸ் கடை, சில கோடுகள்

இப்போது ஒரு சிறு பத்தியைக் கோடு கோடாகப் பார்ப்போம். வகுப்புக்காக நான் எழுதியது. கையால் இழுக்கும் நூடுல்ஸுக்குப் பெயர்போன லான்ஜோ நகரத்தில் ஒரு தாத்தாவின் கடை.

'இன் 1985 மை கிராண்ட்ஃபாதர் ஓபன்ட் ____ ஸ்மால் நூடுல் ஷாப் இன் லான்ஜோ.' 1985-இல் தாத்தா ஒரு சிறிய கடை திறந்தார். கடையை வாசகர் இப்போதுதான் முதன்முதலாகச் சந்திக்கிறார். ஆகவே 'எ'.

'பேக் தென், பீப்பிள் ____ அப் அவுட்சைட் ____ ஷாப் பிஃபோர் சன்ரைஸ்.' விடியும் முன்பே ஆட்கள் கடை வாசலில் வரிசை கட்டுவார்கள். முதல் கோட்டுக்கு 'லைன்' என்ற வினை தரப்பட்டிருக்கிறது. 'பேக் தென்' என்றால் அந்தக் காலத்தில். எந்தக் காலம் என்று முந்தைய வரி சொல்லிவிட்டது. ஆகவே 'லைன்ட்'. இரண்டாவது கோட்டில் அதே கடை மறுபடி வருகிறது, இப்போது அது நமக்குத் தெரிந்த கடை. ஆகவே 'தி'. எதிர்பார்த்த விருந்தினரும் எதிர்பாராத விருந்தினரும் நினைவுக்கு வருகிறார்களா? இந்த இரண்டாவது வரியைத் தனியாக வெட்டிக் கொடுத்தால் 'எ' என்று எழுதியவரையும் தவறு என்று சொல்ல முடியாது.

'தி சூப், ____ ஹி மேட் ஃப்ரம் பீஃப் போன்ஸ், வாஸ் கிளியர் அண்ட் லைட்.' மாட்டெலும்பில் அவர் காய்ச்சிய சூப் தெளிவாகவும் இலேசாகவும் இருக்கும். சொல் எதுவும் தரப்படவில்லை. விடை 'விச்'. தமிழில் 'அவர் காய்ச்சிய சூப்' என்கிறோம், விளக்கம் முன்னே, பெயர் பின்னே. சீனத்திலும் அப்படியே: காய்ச்சு என்ற சொல்லோடு 'த' என்ற ஒட்டைச் சேர்த்துப் பெயருக்கு முன்னால் வைத்துவிடுவார்கள். ஆங்கிலம் பெயரை முதலில் சொல்லிவிட்டு விளக்கத்தைப் பின்னால் கட்டி இழுத்துவருகிறது. இரண்டையும் கட்டும் கயிறு இந்த 'விச்'. வரிசையே தலைகீழாவதால், கயிறு விழுந்துகிடப்பதை மாணவர் கண் கவனிக்காமலே தாண்டிப் போய்விடும். கோட்டுக்கு முன்னால் ஒரு காற்புள்ளி இருப்பதையும் பாருங்கள். அதனால்தான் இங்கே 'தட்' பொருந்தாது.

'ஹி நெவர் யூஸ்ட் எ மெஷின். எவ்ரி நூடுல் ____ பை ஹாண்ட்.' அவர் இயந்திரத்தைத் தொட்டதே இல்லை. 'புல்' என்ற வினை தரப்பட்டிருக்கிறது. பலர் 'புல்ட்' என்று மட்டும் எழுதுவார்கள். நூடுல் தன்னைத்தானே இழுத்துக்கொள்ளாது, ஆகவே 'வாஸ் புல்ட்'. சீனத்தில் 'சோறு சமைத்தாயிற்று' என்பதற்குச் செயப்பாட்டு அடையாளம் எதுவும் தேவையில்லை. தமிழிலும் 'சோறு சமைக்கப்பட்டது' என்று யாரும் வீட்டில் பேசுவதில்லை. சோறு சமைக்காது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆங்கிலம் மட்டும் அதையும் எழுதிக் காட்டச் சொல்கிறது.

'நவ் மை ஆன்ட் ____ தி ஷாப்.' வினை 'ரன்', அதாவது நடத்து. அத்தை இப்போது கடையை நடத்துகிறார். 'ரன்ஸ்'. இதுவரை இறந்தகாலத்தில் ஓடிய பத்தி 'நவ்' என்ற ஒரு சொல்லில் திரும்புகிறது. கதை முழுவதும் பழையது என்று பழகிய கை இங்கே 'ரான்' என்று எழுதிவிடும்.

எனக்கு மிகவும் பிடித்த கோடு கடைசியில் வருகிறது. 'தி ரெசிபி ரிமெய்ன்ஸ் ____.' தரப்பட்ட சொல் 'சேஞ்ச்', மாற்றம். வேகமாக எழுதுபவர் 'சேஞ்ச்ட்' என்று போட்டுவிட்டுப் போவார். அடுத்த வரியில், பழைய வாடிக்கையாளர்கள் சூப் அதே ருசியில் இருப்பதாகச் சொல்கிறார்கள் என்று வருகிறது. அப்படியானால் செய்முறை மாறவில்லை. விடை 'அன்சேஞ்ச்ட்'. கோடு ஒரு வரியில், விடையின் சாட்சி அடுத்த வரியில். எந்த விதிப் புத்தகத்தைப் புரட்டினாலும் அந்த 'அன்' கிடைக்காது.

வீட்டில் எப்படிப் பழகுவது

இறுதியாண்டு மாணவர்கள் 'ஷுவாதி' என்று ஒரு சொல் சொல்வார்கள். தூரிகையால் சுவரைத் தேய்ப்பதுபோல வினாத்தாள்களைத் தேய்த்துத் தள்ளுவது. ஒரு நாளைக்கு இத்தனை தாள் என்று கணக்கு வைத்துச் செய்வார்கள். அவர்கள் உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனால் பத்துக் கோடுகளை எட்டு நிமிடத்தில் நிரப்பி, விடைத்தாளைப் பார்த்து, ஏழு சரி மூன்று தவறு என்று குறித்துவிட்டு அடுத்ததுக்குப் போவதில் அந்த மூன்று தவறும் அடுத்த தாளில் மறுபடி வந்து நிற்கும்.

ஒரே பத்தியை நான்கு நாள் வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். முதல் நாள் பேனாவைத் தொடாமல் முழுவதையும் படிக்க வேண்டும். யார், எங்கே, எப்போது, கதை எங்கே திரும்புகிறது என்பதைத் தாய்மொழியில் ஒருவருக்குச் சொல்ல வேண்டும். அதன் பிறகே கோடுகள். ஒவ்வொரு விடைக்கும் ஒரு சாட்சி கேட்பேன்: இந்த விடையைச் சொல்லச் சொன்ன சொல் எது, பத்தியில் எங்கே இருக்கிறது? விரல் வைத்துக் காட்ட வேண்டும். 'காதுக்கு அப்படித்தான் தோன்றுகிறது' என்ற பதிலை முதல் சில மாதங்கள் ஏற்பதில்லை.

அங்கே ஏறத்தாழ எல்லா மாணவரிடமும் 'ட்ஸுவோதிபென்' என்ற பிழை நோட்டு ஒன்று இருக்கும். தவறிய வினாவை வெட்டி ஒட்டி, சரியான விடையையும் விதியையும் சிவப்பு மையில் எழுதுவார்கள். நல்ல பழக்கம். அதில் நான் ஒன்றை மட்டும் மாற்றச் சொல்வேன்: விதியை எழுதும் இடத்தில் தவறவிட்ட சாட்சியை எழுதுங்கள். 'இறந்தகாலத்தில் ஈடி சேர்க்க வேண்டும்' என்று எழுதினால் ஏற்கெனவே தெரிந்தது மறுபடி நோட்டில் ஏறும். 'முந்தைய வரியில் இருந்த 1985-ஐ நான் பார்க்கவில்லை' என்று எழுதினால் அடுத்த முறை கண் அங்கே போகும்.

இரண்டாவது, மூன்றாவது நாளில் செய்வதுதான் எனக்கு மிக முக்கியம். பத்தியில் ஒரே ஒரு சொல்லை மாற்ற வேண்டும், அதனால் வேறு எவையெல்லாம் மாற வேண்டும் என்று பார்க்க வேண்டும். அத்தைக்குப் பதிலாக இரண்டு அத்தைகள் என்றால் 'ரன்ஸ்' 'ரன்' ஆகும். சூப் முன்போல இல்லை என்று வாடிக்கையாளர்கள் குறைப்பட்டுக்கொண்டால் 'அன்சேஞ்ச்ட்' தலைகீழாகும். தாத்தா இன்றும் கடையில் இருக்கிறார், 'தினமும் நடப்பதை எழுது' என்று சொன்னால் பத்தியின் பெரும்பகுதி கலைந்து மறுபடி அடுக்கப்படும். விடைகள் தனித்தனியாகக் கிடக்கவில்லை, நூல் கோத்ததுபோல் ஒன்றோடொன்று கட்டியிருக்கின்றன என்பது அப்போது கைக்குத் தெரியும்.

நான்காவது நாள், பத்தியைத் தொடர்ந்து ஐந்து வரி சொந்தமாக எழுத வேண்டும். இதற்குத் தேர்விலும் இடம் இருக்கிறது. 2016 அக்டோபரில் ஜெஜியாங் மாகாணத் தாளில், பாதியில் நிற்கும் ஒரு கதையை மாணவரே தொடர்ந்து எழுதும் வினா வந்தது. இப்போது புதிய முறைத் தாள்களில் அதற்கு 25 மதிப்பெண். கோடு நிரப்பும்போது தெரியாத பழைய பழக்கங்கள் அங்கே வெளியே வரும். 'ஆல்தோ' என்று தொடங்கிய வாக்கியத்தின் நடுவில் ஒரு 'பட்' வந்து உட்காரும். சீனத்தில் 'ஸுய்ரான்' வந்தால் பின்னாலேயே 'தான்ஷ' வருவது வழக்கம், ஜோடி பிரியாது. ஆங்கிலத்தில் ஒன்று இருந்தால் மற்றொன்று கூடாது. 'பிகாஸ்', 'ஸோ' ஜோடிக்கும் இதே கதைதான்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. எல்லாமே சூழலில் தானாக வந்துவிடாது. 'கோ, வென்ட், கான்' போன்ற ஒழுங்கற்ற வினைகளை உட்கார்ந்து மனப்பாடம்தான் செய்ய வேண்டும், வேறு வழியில்லை. இறந்தகாலம் வேண்டும் என்று சாட்சியைக் கண்டுபிடித்தவர் 'கோட்' என்று எழுதினால் மதிப்பெண் கிடையாது. வடிவங்களுக்கு வாய்ப்பாடு, எந்த வடிவம் என்று முடிவெடுக்கப் பத்தி. அந்த வாய்ப்பாட்டுக்கு ஒரு நாளில் பத்து நிமிடம் போதும்.

அந்த நர்ஸின் மகளுக்கு 'ஹி, ஷி' விதியை நான் மறுபடி சொல்லவில்லை. அம்மாவும் அப்பாவும் சேர்ந்து இரவுச் சாப்பாடு செய்வதைப் பத்து வரியில் எழுதி வரச் சொன்னேன். இருவர் ஒரே சமையலறையில் இருக்கும்போது 'தா' என்ற ஒலி சீனத்திலேயே போதாது, பெயரைச் சொல்லித்தான் ஆக வேண்டும். எழுதி வந்து உரக்கப் படித்தாள். ஏழாவது வரியில் நின்றாள். பென்சிலால் ஒரு சொல்லை வட்டமிட்டு, "மீனைப் பொரிப்பது அப்பா ஆகிவிட்டாரே" என்றாள். முந்தைய வரியில் அப்பா காய் நறுக்கிக்கொண்டிருந்தார். அதில் விரலை வைத்துக்கொண்டே 'ஹி'யை அடித்து 'ஷி' என்று எழுதினாள்.